மயிலாப்பூருக்கு ஒரு வீடு

சாந்தோம் பேராலயத்தின் பின்புறம் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆலயத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறைச் சிற்றாலயத்துக்கு இறங்கிப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கடற்காற்றில் சற்று நின்று, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறவர்களுக்கும் அங்கே கண்ணைப் பறிக்கும்படி எதுவும் கிடைக்காது. உடைந்த கற்கள், எழுத்து தேய்ந்த கல்லறைப் பலகைகள், சிலுவை செதுக்கிய துண்டுகள், எந்தக் கட்டடத்தைச் சேர்ந்தவை என்று உடனே சொல்லிவிட முடியாத சிற்பப் பகுதிகள். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். பொறுமையிருந்தால் ஐந்து நாளும் போதாது.

இன்று நாம் காணும் வெள்ளைப் பேராலயம் 1893-இல் பழைய ஆலயத்தை இடித்துவிட்டு எழுப்பிய கட்டடம், 1896-இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தையது 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கட்டியது. அதற்கும் முன்னால் அந்தக் கரையில் என்ன இருந்தது? மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோமாவின் கல்லறையைப் பற்றி எழுதிவிட்டார். அதற்கும் 600 ஆண்டுகளுக்கு முன், பூம்பாவையை உயிர்ப்பிக்கப் பாடியதாகச் சொல்லப்படும் பதிகத்தில், சம்பந்தர் மயிலைக் கபாலீச்சரத்தின் திருவிழாக்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறார்: ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று நீள்கிறது அந்தப் பட்டியல். அவர் காட்டும் கோயில் கடலை ஒட்டியது. 15-ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதரும் கடற்கரையில்தான் அதைக் காண்கிறார். இன்றைய கபாலீசுவரர் கோயிலோ கடலிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கோயில் இடம் மாறியது என்பது ஊர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி. சாந்தோம் வளாகத்தில் கிடைத்த சோழர்காலத் துண்டுக் கல்வெட்டு ஒன்றை, ராஜேந்திரன் காலத்தது என்று கணித்து, ஆய்வாளர்கள் அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். கபாலீசுவரர் கோயிலுக்குள்ளும் பழைய கல்வெட்டுகள் துண்டு துண்டாக, வரிசை தப்பிக் கிடைக்கின்றன. ஒரு கட்டடத்தின் கற்கள் இன்னொரு கட்டடத்துக்குள் போய் அமர்ந்தால் எழுத்துகள் அப்படித்தான் சிதறும்.

கதை சிவன் கோயிலோடு முடிவதில்லை. சாந்தோமில் கிடைத்த மற்றொரு துண்டுக் கல்வெட்டில் நேமிநாத சுவாமியின் பெயர் இருப்பதை எடுத்துக்காட்டியவர் மயிலை சீனி. வேங்கடசாமி. 1900-இல் மயிலாப்பூரில் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே தமிழ்நாட்டுச் சமண, பௌத்த வரலாற்றைத் தோண்டியெடுத்தவர் அவர். மயிலையில் 22-ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதருக்குக் கோயில் இருந்தது; கடல் பொங்கும் என்ற அச்சத்தால் அந்தத் திருவுருவம் செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோகப்பட்டது என்பது சமணர் வழக்கு. குணவீர பண்டிதர் எழுதிய ‘நேமிநாதம்’ என்ற இலக்கண நூல், மயிலை நேமிநாதரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தமிழ் இலக்கணம் படிக்கிற பிள்ளைகள் ஒரு மயிலாப்பூர்க் கோயிலின் பெயரை இன்றும் உச்சரிக்கிறார்கள். கோயில் இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு பலகைகூட இல்லை.

சிவனும் சமணரும் தோமாவும் ஒரே கரையில், சில நூறு கெஜ தூரத்துக்குள். இதை ஏதோ ஒரு சமயத்தின் வழக்குக்கான சாட்சியமாக மட்டும் படித்தால் கற்கள் சண்டைக்குத்தான் உதவும். ஓர் ஊரின் வரலாறாகப் படித்தால் அவை வேறு மாதிரி பேசும்: கப்பல் வந்த துறை, வணிகர் தங்கிய கரை, யார் வந்தாலும் கோயில் கட்டிக்கொண்ட ஊர். 2-ஆம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் மலியார்பா என்ற துறை மயிலாப்பூர்தான் என்று பலர் கருதுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்ட இடம் வாங்கிய 1639-ஐ வைத்துச் சென்னைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம். அந்த நாளில் மயிலாப்பூர் தன் வயதை எண்ணுவதையே விட்டுவிட்ட கிழவி.

சாந்தோம், மயிலாப்பூர்க் கற்களை ஊரின் பொருள்களாகவே பார்த்துப் பதிவு செய்தவர், வியப்புதான், பெல்ஜியத்திலிருந்து வந்த ஹோஸ்டன் என்ற இயேசு சபைத் துறவி. 1920-களில் இங்கே வந்து சிலுவைகளையும் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் வகை பார்க்காமல் குறித்துக்கொண்டார். 1935-இல் அவர் காலமானார். சாந்தோம், மயிலாப்பூர்த் தொல்பொருள்கள் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. இந்த ஊருக்கென்று ஓர் அருங்காட்சியகப் பட்டியல் என்றாவது எழுதப்பட்டது என்றால் அது இதுதான். எழுதியவர் தோமாவைத் தேடி வந்தவர். எனினும் கண்ணில் பட்ட மற்றவற்றையும் விட்டுவிடவில்லை.

இப்படித் தன் சிறு பொருள்களையும் விடாமல் சேர்த்து வைத்த ஊர் வேறெங்காவது உண்டா? ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே, மேலரென் ஏரியின் கரையில் சிக்டூனா என்ற சிற்றூர் இருக்கிறது. கிபி 980 வாக்கில் தோன்றியது. அந்த நாட்டில் இன்றுவரை உயிரோடிருக்கும் ஊர்களில் அதுதான் மிகப் பழையது என்கிறார்கள். ஸ்வீடனின் முதல் நாணயங்கள் அங்கேதான் அச்சாயின. ஊரின் பெரிய தெரு, ஆயிரம் ஆண்டுகளாகத் தன் தடத்தை விட்டு நகரவில்லை. அந்தத் தெருவிலேயே ஊரின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வைத்திருப்பவை என்ன? எலும்பிலும் மான்கொம்பிலும் செய்த சீப்புகள், காலணித் தோல், தாயக்கட்டைகள், ரூன் எழுத்து கீறிய எலும்புத் துண்டுகள். தலை வாரிய, செருப்புத் தைத்த, சூதாடிய மனிதர்களின் மிச்சங்கள். அரசரும் ஆயரும் அங்கே உண்டு. ஆனால் பார்வையாளர் அதிக நேரம் நிற்பது சீப்புகளின் முன்புதான்.

மயிலாப்பூரோடு வயதில் ஒப்பிட்டால் சிக்டூனா குழந்தை. சம்பந்தர் பாடி முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த ஊர். அதே ஏரியின் ஹெல்யோ தீவில், 1950-களின் அகழாய்வில் ஒரு சிறிய வெண்கலப் புத்தர் கிடைத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கிலிருந்து யார் கைகளிலெல்லாமோ மாறி அங்கே போய்ச் சேர்ந்தவர். அவ்வளவு தொலைவிலிருந்து போன ஒரு விருந்தாளியின் வருகையைக்கூட அவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு வைக்கும் பழக்கம் அங்கே பிறவியிலேயே வந்ததில்லை. ஒருவர் தொடங்கி வைத்தார். ஆர்த்துர் ஹசேலியுஸ் என்ற ஆசிரியர் 1872-இல் தாலர்னா பகுதிக்குப் போனபோது, மக்கள் பழைய உடைகளை விட்டு ஆலைத்துணிக்கு மாறிக்கொண்டிருந்ததைக் கண்டார். தன் மனத்தில் இருந்த கவலைக்கு ஒரு வடிவம் கொடுப்பதுபோல் ஒரு பாவாடையை விலைக்கு வாங்கினார். மறு ஆண்டே ஸ்டாக்ஹோமில் தன் சேகரிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1891-இல் ஸ்கான்சென் வந்தது: வீடுகளையே கழற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய திறந்தவெளி அருங்காட்சியகம். சொந்த ஊர், பிறந்த மண், பக்கத்து மனிதர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஸ்வீடிஷ் மொழியில் ‘ஹெம்பிக்த்’ என்றொரு சொல் இருக்கிறது. அந்தப் பெயரில் இன்று நாடெங்கும் சுமார் 2,000 சங்கங்கள் இயங்குகின்றன. பல ஊர்களில் பழைய பண்ணை வீடு ஒன்றை ஊர்க்காரர்களே பராமரித்து, கோடையில் திறந்து வைத்து, காப்பியும் கொடுக்கிறார்கள்.

நமக்கும் அருங்காட்சியகங்களுக்குக் குறைவில்லை. 1851-இலேயே சென்னையில் அரசு அருங்காட்சியகம் தொடங்கிவிட்டது. ஹசேலியுஸ் பாவாடை வாங்குவதற்கு 21 ஆண்டுகள் முன்பு. சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 பாறை, கனிம மாதிரிகள்தான் அதன் முதல் முதலீடு. பொறுப்பேற்ற எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், உயிருள்ள புலிக்குட்டியையும் சிறுத்தையையும் வைத்ததும் கூட்டம் பெருகியதைக் கவனித்து, 1855-இல் விலங்குக் காட்சிசாலையையே உண்டாக்கிவிட்டார். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரிதான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கப் புள்ளி. அவருடைய சேகரிப்பு முழுவதையும் 1904-இல் இந்த அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அதே பல்லாவரத்தில் 1880-களில் அலெக்சாண்டர் ரீ எடுத்த சுடுமண் ஈமப்பேழையும் எழும்பூரில் உள்ள இதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

இதிலெல்லாம் பெருமைப்பட நிறைய உண்டு. ஆனால் மாகாணம் முழுவதற்கும் ஓர் அருங்காட்சியகம் என்று வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வோர் ஊரும் தன் சிறந்த பொருளை அங்கே அனுப்பிவிட்டு, மற்றதை மறந்துவிடும். எழும்பூருக்குப் போவது தேர்ந்த பொருள்: வெண்கலம், அமராவதிப் பளிங்கு, ஈமப்பேழை. பல்லாவரத்துக்காரருக்குத் தன் ஊர்ப் பேழையைப் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு மைல் பயணம். அங்கே போனாலும் அது தொல்லியலின் ஒரு வகையாகத்தான் நிற்கிறது. அவருடைய ஊர்க் கதையின் முதல் பக்கமாக நிற்பதில்லை.

தென்சென்னை தன் நினைவைக் காகிதத்திலும் ஓலையிலும் காத்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1886-இல் தொடங்கிய நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையரின் ஏடுகளும் நூல்களும் சேர்ந்த நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மூன்றுமே கலைக்கோயில்கள். கோட்டையூரில் தன் வீட்டையே நூலகமாக்கி, அச்சான எதையும் தூக்கி எறியாத ரோஜா முத்தையா செட்டியார் 1992-இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்தது. நாடக நோட்டீசு முதல் திருமணப் பத்திரிகை வரை பாதுகாக்கிற அந்த மனம்தான் ஊர் அருங்காட்சியகத்துக்கும் வேண்டிய மனம்.

காகிதம் பிழைத்தது. வீடு? உ.வே.சா. திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வீட்டுக்கு ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயர். கும்பகோணம் கல்லூரியில் தனக்கு வேலை கிடைக்கக் காரணமாக இருந்த தியாகராசச் செட்டியாரின் நினைவாக வைத்த பெயர். சங்க நூல்கள் சில அச்சுக்குப் போகுமுன் அவர் கை பட்டுச் செப்பமான இடம் அது. 2012-இல் இடிக்கப்பட்டது. அவர் தேடிச் சேர்த்த ஏடுகளுக்குக் குளிரூட்டிய அறை. அவற்றை அவர் விரித்துப் படித்த திண்ணைக்கும் கூடத்துக்கும் ஒரு புகைப்படம். எது வரலாறு, எது வெறும் செங்கல் என்று நாம் பிரித்துக்கொண்ட முறை இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே தெரிந்துவிடுகிறது.

கடற்கரைச் சாலையில் ஒரு கட்டடம் தப்பியது. 1842-இல் அமெரிக்க வணிகர் பிரெடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்கக் கட்டியது. மரத்தூள் போர்த்தி, பாதி உலகைச் சுற்றி வந்த பனிக்கட்டி சென்னை வெயிலில் விற்றது! இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் வழி வந்ததும் வியாபாரம் படுத்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே தங்கினார். அதனால்தான் கட்டடம் பிழைத்தது. 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது. இன்று ராமகிருஷ்ண மடம் அதை நல்ல கண்காட்சியாக நடத்துகிறது. ஒன்பது நாள் தங்கிய ஒரு துறவி, ஒரு கட்டடத்தின் 180 ஆண்டு ஆயுளைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். துறவி யாரும் தங்காத வீடுகளின் நிலை என்ன?

மயிலாப்பூரின் மாட வீதிகளிலும் அவற்றின் கிளைச் சந்துகளிலும் இன்னும் சில பழைய வீடுகள் நிற்கின்றன. தெருவை ஒட்டித் திண்ணை. உள்ளே நுழைந்தால் ரேழி. அதைத் தாண்டினால் முற்றமும் சுற்றித் தாழ்வாரமும். பக்கத்தில் கூடம். பின்னால் இரண்டாங்கட்டு, கிணறு, கொல்லை. கூரைக்கு ஓடு; மாடி வைத்த வீடானால் தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய ‘மெட்ராஸ் டெரஸ்’. ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு கட்டட முறை. அதைப் போடத் தெரிந்த கொத்தனார் இன்று அரிது. இந்த வீடுகள் ஒன்றொன்றாக அடுக்குமாடியாகின்றன. விற்பவர்மேல் பழி சொல்ல முடியாது. ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க முற்றம் உதவாது. ஒழுகும் ஓட்டைச் செப்பனிட ஆளும் இல்லை, பணமும் இல்லை. வீடு போகும்போது அதோடு போகிற பொருள்கள்தான் கவலை தருகின்றன: ஆட்டுக்கல், ஈயச்சொம்பு, குமுட்டி அடுப்பு, தண்ணீர் சேந்திய தோண்டி, வெற்றிலைப் பெட்டி, பாட்டுக் கற்ற ஆர்மோனியம், மாம்பலத்திலிருந்து மணமுடித்து வந்த பெண் எழுதிய கணக்கு நோட்டு. எழும்பூர் இவற்றைக் கேட்காது. பழைய சாமான் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார்.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது; அது இந்த நாட்டின் அருஞ்செயல்களில் ஒன்று. தெபோரா தியாகராஜன் 1984-இல் நிறுவிய சென்னை கைவினை அறக்கட்டளை, பத்து ஏக்கரில், லாரி பேக்கர் வகுத்த திட்டத்தில், 1996 டிசம்பரில் திறந்த இடம். செட்டிநாட்டு வணிகர் வீடு, திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகார வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடு என்று இடியவிருந்த வீடுகளைக் கழற்றி, கதவும் தூணும் எண்ணிட்டு, கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஸ்கான்செனின் தென்னிந்திய உறவினர் என்றே சொல்லலாம். அதன் எல்லை தென்னிந்தியா முழுவதும். ஊர் அருங்காட்சியகம் செய்ய வேண்டிய வேலை வேறு. அதற்கு வீட்டைப் பெயர்க்கக் கூடாது. வீடு நின்ற தெருவும், எதிர்வீட்டுக்காரரும், தெருமுனைக் கோயிலும் சேர்ந்தால்தான் அந்தப் பொருள்களுக்கு வாய் முளைக்கும்.

இதைத் தியாகராய நகரில் மிக நன்றாக உணரலாம். அந்த நகர் பிறந்தது ஓர் ஏரியைத் தூர்த்து. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த நெடிய ஏரியில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் படகுப் போட்டி நடத்தினார்கள். 1920-இன் நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, அந்த ஏரியின் ஒரு பகுதியில் மனைகள் எழுந்தன. 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயரை நகர் ஏற்றுக்கொண்டது. பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, கோபதி நாராயணசாமி செட்டி சாலை: நீதிக் கட்சியின் உறுப்பினர் பட்டியலைத் தெருப்பலகைகளில் எழுதி வைத்ததுபோல் இருக்கும். ஏரியின் நினைவாக மிஞ்சியிருப்பவை சொற்கள் மட்டும். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. அந்தச் சாலையில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஏரி தெரியாது. மழைக்காலத்தில் அந்தப் பகுதித் தெருக்களில் இடுப்பளவு நீர் நிற்கும்போது மட்டும் ஏரி தன் பழைய விலாசத்துக்கு வந்துவிட்டுப் போகிறது. பாண்டி பஜாரில் தீபாவளிக்குத் துணி வாங்க வரும் லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் நிற்பது நீர்ப்படுகை என்று தெரியும்? ஒரு பழைய நிலவரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் அருகருகே ஒரு சுவரில் மாட்டினால் போதும். அதற்கு ஒரு சுவர் வேண்டும்.

சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலத்தின் அருகே ஒரு கல் நிற்கிறது. ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் தன் பணத்தில் 1726-இல் கட்டிய பழைய மர்மலாங் பாலத்தின் நினைவுக்கல் அது. பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்து. மர்மலாங் என்பது மாம்பலம்தான் என்கிறார்கள். பரங்கிமலைக்கு ஏறும் கற்படிகளைக் கட்டியவரும் அவரே. பழைய பாலம் போய் 1960-களில் மறைமலையடிகள் பாலம் வந்துவிட்டது. கல் மட்டும் சாலையின் இரைச்சலிலும் தூசியிலும் நிற்கிறது. தினம் அதைக் கடக்கும் பேருந்துப் பயணிக்கு அது எந்த மொழி என்று சொல்லவும் ஆளில்லை.

இப்போது மயிலாப்பூரின் வயிற்றுக்குள்ளேயே பெரிய பள்ளம் தோண்டுகிறார்கள். மெட்ரோ ரயிலின் திருமயிலை நிலையத்துக்காகக் கச்சேரி சாலை, லஸ் பகுதிகளில் ஆண்டுக்கணக்காகத் தகரத் தடுப்புகள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர் வாழும் ஓர் ஊரின் அடியில், இவ்வளவு ஆழத்துக்கு இதுவரை யாரும் போனதில்லை. ஸ்வீடனில் 1988-இன் சட்டப்படி, பழைய ஊரில் நிலத்தைத் தோண்டிக் கட்டுபவரே தொல்லியல் ஆய்வின் செலவையும் ஏற்க வேண்டும். சிக்டூனாவின் சீப்புகளும் எலும்புகளும் வெளியே வந்தது இத்தகைய கட்டுமானத்துக்கு முந்தைய அகழ்வுகளில்தான். நம்மிடம் இருப்பது 1878-இன் புதையல் சட்டம்: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணில் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். பொற்காசுக்கு அந்தச் சட்டம் பொருந்தும். உடைந்த பானை ஓட்டுக்கும், சங்கு வளைத் துண்டுக்கும் பத்து ரூபாய் மதிப்புப் போடுபவர் யார்? கடற்கரைத் துறையாக இருந்த ஊரின் கதை பெரும்பாலும் அந்தப் பத்து ரூபாய்க்குக் கீழே உள்ள பொருள்களில்தான் எழுதப்பட்டிருக்கும்.

மயிலாப்பூரே ஓர் உயிருள்ள அருங்காட்சியகம், அதற்குத் தனியாக ஒரு கட்டடம் எதற்கு என்று பலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று மாட வீதிகளில் நாயன்மார்களின் திருவுருவங்கள் ஊர்வலமாக வரும்போது, எந்த அருங்காட்சியகமும் காட்ட முடியாத ஒன்றை ஊர் காட்டுகிறது: வெண்கலங்கள் கண்ணாடிக்குள் இல்லை, தோள்மீது இருக்கின்றன, பார்வையாளர் நுழைவுச் சீட்டு வாங்குவதில்லை, நீர்மோர் வாங்கிக் குடிக்கிறார். சம்பந்தர் சொன்ன விழாப்பட்டியலின் ஒரு வரி, 1,300 ஆண்டு கழித்தும் தெருவில் நடந்து போகிறது. பயன்பாட்டில் இருக்கும் பொருளைப் பேழைக்குள் பூட்டச் சொல்பவர் யாரும் இங்கே இல்லை.

ஆனால் விழா எதை நினைவில் வைக்கிறது, எதை விடுகிறது என்று பார்க்க வேண்டும். அது தெய்வத்தையும் அடியாரையும் காக்கிறது. நேமிநாதரைக் காக்கவில்லை. பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் கொண்டுவந்த வள்ளக்காரர்களைக் காக்கவில்லை. 1876–78-இன் பஞ்சத்தில் அந்தக் கால்வாயின் தென்னகரப் பகுதியைக் கூலிக்கு வெட்டியவர்களை நினைக்க ஒரு நாள் இல்லை. அவர்கள் வெட்டிய வாய்க்காலின் மேலேதான் பறக்கும் ரயில் ஓடுகிறது. 1895 முதல் 1953 வரை ஓடிய டிராமின் கண்டக்டர்களையும், வலை காயப்போட இடம் சுருங்கிய நொச்சிக்குப்பத்து மீனவர்களையும் எந்தத் தேரும் சுமக்கவில்லை. 1884 டிசம்பரில் மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடிய 17 பேரின் பேச்சிலிருந்துதான் காங்கிரஸ் என்ற எண்ணம் முளைத்தது என்று அன்னி பெசன்ட் எழுதியிருக்கிறார். வரலாற்றாசிரியர்கள் அதை முழுதாக ஏற்பதில்லை. ஏற்காவிட்டாலும் அந்த வாதத்தையே ஓர் ஊர் தன் சுவரில் மாட்டிப் பேசலாமே!

முயற்சிகள் இல்லாமல் இல்லை. சு. முத்தையா தன் நூல்களாலும் 1991-இல் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழாலும் ஒரு நகரத்துக்குத் தன் பழைய கட்டடங்களின் பெயரைக் கற்றுக்கொடுத்தார். 1994 முதல் ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ வாராவாரம் தெருவளவில் செய்தி எழுதுகிறது. 2004-இல் சிலர் கூடித் தொடங்கிய சென்னை தினம் இன்று மாதக் கணக்கில் நடக்கிறது. மரபு நடை என்று கூட்டமாகத் தெருத்தெருவாகப் போகிறார்கள். ஆகஸ்டு முடிந்ததும் அந்தப் படங்களும் பேச்சும் எங்கே போய்த் தங்கும்? நடைக்கு வந்த பாட்டி பையிலிருந்து எடுத்துக் காட்டிய 1940-ஆம் ஆண்டுக் கல்யாணப் புகைப்படத்தை வாங்கி, பெயர் எழுதி, பத்திரப்படுத்தும் மேசை எது? அந்த மேசையைத்தான் ஹெம்பிக்த் சங்கங்கள் போட்டுவைத்திருக்கின்றன. பெரிய மாளிகை தேவையில்லை. மாட வீதியில் இடியாமல் நிற்கும் ஒரு முற்றத்து வீடு, ஒரு காப்பாளர், ஒரு பதிவேடு, வாரத்தில் இரண்டு நாள் திறக்க ஊர்க்காரர்கள் பத்துப் பேர். சாந்தோம் கற்களின் நகல்கள், நெடிய ஏரியின் வரைபடம், உஸ்கான் கல்லின் மூன்று மொழிக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு, நொச்சிக்குப்பத்துக் கட்டுமரம் ஒன்று, மெட்ரோ பள்ளத்தின் மண்ணடுக்கைக் காட்டும் ஒரு கண்ணாடிக் குழாய். இவை எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் வைக்கலாம்.

அப்படிப் பொருள்களை வைக்கவும் அடுக்கவும் இந்த ஊருக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. புரட்டாசி பிறந்ததும் வடக்கு மாட வீதியின் நடைபாதையில் மண்பொம்மைகள் வந்து இறங்குகின்றன. வீடுகளில் கொலுப்படி கட்டுகிறார்கள். மேல்படியில் தெய்வங்கள், கீழே வரவர மனிதர்கள். கல்யாண செட்டு, செட்டியார் கடை, கிரிக்கெட் ஆட்டம், பள்ளிக்கூடம். தரையில் மண் கொட்டிக் கேழ்வரகு முளைக்க வைத்து, பூங்காவும் தெப்பக்குளமும் ரயில் நிலையமும் பிள்ளைகள் அமைக்கிறார்கள். கொள்ளுப்பாட்டி சீராகக் கொண்டுவந்த மரப்பாச்சிக்கு இந்த ஆண்டு தைத்த புதுப் பாவாடை. வருகிறவரிடம் எந்தப் பொம்மை எந்த ஆண்டு, எந்த ஊரில் வாங்கியது என்று வீட்டு மூத்தவர் சொல்கிறார். தேதியும் விளக்கமும் தெரிந்த காப்பாளர் அவர்.

விஜயதசமியன்று இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைக்கிறார்கள். மறுநாள் ஒவ்வொன்றையும் அந்த ஆண்டுச் செய்தித்தாளில் சுற்றி, பழைய டிரங்குப் பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே இறக்குகிறார்கள். சில வீடுகளில் அடியில் கிடக்கும் பொம்மைகளைப் பல ஆண்டாகப் பிரிப்பதே இல்லை. அவற்றைச் சுற்றிய தாளில் ஏதோ ஒரு பழைய தேர்தலின் முடிவும், நின்றுபோன ஒரு கடையின் விளம்பரமும் மஞ்சளாகிக் கிடக்கின்றன. இரண்டு பேர் பிடித்து, ஒருவர் மேலே நின்று வாங்க, பெட்டி பரணுக்குப் போகிறது.